எழுநூறு மீட்டர்

மல்லாத்திப் போட்டால் களவா அடங்கிவிடும்.
ஈரத்துணியால் கண்ணை மூடி
செவுளில் கடல்நீர்க் குழாயைச் செருகி
இடாலினா வயிற்றைக் கீறினாள், இரு விரற்கடை.
சுண்டுவிரல் அளவு குப்பி ஒன்றை உள்ளே விட்டு
மூன்று தையல்.
வாளி பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.
எண் 4417.
தொண்ணூறு நொடிக்கு ஒரு முறை
இனி இதற்குச் சொல்ல ஒரே வாக்கியம்தான்:
இங்கே இருக்கிறேன்.

கேட்க, கடலடியில் பதினான்கு காதுகள்.
கல்லில் கட்டி மிதவையால் நிமிர்த்தியவை.
வருடம் ஒரு தரம் முங்கிப்போய்
ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பாட்டரி மாற்றி
கேட்டதையெல்லாம் கறந்துகொண்டு வருவேன்.
காற்று எழும்பினால் அவற்றுக்குக் காது மந்தம்.
இறால்கள் சொடக்குப் போடும் இரவுகளில்
பக்கத்தில் நின்று கத்தினாலும் கேளாது.

வரைபடத்தில் நீலம் அடித்த காப்புக்கடல்
ஓர்த்தாவில் ஒரு மேசைமேல் பிறந்தது.
மூன்று பக்கம் அளவுகோல் பிடித்த கோடு.
நான்காவது மட்டும் நெளிந்திருக்கும்,
காப்பிக் கோப்பையை நகர்த்தச் சோம்பல்பட்டு
சுற்றிப்போன மாதிரி.

முதல் வருடம் முழுக்க 4417 வீட்டுமீன்.
மூன்றாம் காது, நான்காம் காது,
ஒரு பொந்து, பொந்தின் வாசல், மறுபடி பொந்து.
அறிக்கையில் எழுதினோம்:
தொண்ணூற்றாறு விழுக்காடு நேரம் உள்ளே.
லிஸ்பனிலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது.
அதை இடாலினா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

மிச்சம் நான்கு.
கணக்குப் போட்டால் பதினைந்து நாள்.
அது எந்தப் பதினைந்து என்று
கடிதத்தில் யாரும் கேட்கவில்லை.
நாங்களும்தான்.

அடுத்த ஆகஸ்ட், இரவு பத்தரை,
தெற்கு ஓரத்து ஒன்பதாம் காது கடைசியாகக் கேட்டது.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு, துறைமுகச் சுவரடியில்
சும்மா தொங்கவிட்டிருந்த பதினான்காம் காதில்
பத்தொன்பது நாள், இரவும் பகலும்,
ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அசையாமல்:
இங்கே இருக்கிறேன். இங்கே இருக்கிறேன்.

டீசல் நாறும் அந்தத் தண்ணீரில் களவா குடியிருக்காது.
இடாலினா திரையைப் பார்த்தாள்.
நான் படிக்கட்டைப் பார்த்தேன்,
மீன் அரியும் படிக்கட்டை.
குடலை எறிந்தால் கடற்காகம் கொத்தும்;
குப்பியை அது துப்பிவிடும்.
சேற்றில், பீர்ப்புட்டிகளுக்கு நடுவே
கையால் துழாவி எடுத்தேன்.

பெல்மீரு ஒளிக்கவில்லை.
என் மனைவியின் அண்ணன், எந்நாளும் ஒளித்ததில்லை.
"இது களவில்லை, கோட்டுக்கு வெளியே" என்றான்.
படகிலிருந்து கருவியைக் கழற்றி வந்து காட்டினான்.
எழுநூறு மீட்டர் வெளியே
வரைபடத்தில் பெயரில்லாத ஒரு திட்டு.
படகுக்காரர்கள் மாமியார்க் கல் என்பார்கள்,
தூண்டிலை விழுங்கித் திருப்பித் தராததால்.
"வயிறு முழுக்கச் சினை" என்றான்.
"கூட இருபது முப்பது நின்றது.
ஆகஸ்டில் நிற்குமே."
அவனுக்கு அது ஒரு செய்தியே இல்லை.

குப்பியில் அச்சடித்தபடி ஐம்பது யூரோ வெகுமதி.
எண்ணி வாங்கினான், ரசீதில் கையெழுத்திட்டான்.
இடாலினா விதி என்ற கட்டத்தில்
'பிடிபட்டது' என்று நிரப்பினாள்.
அந்த ஞாயிறு, தக்காளியும் வெள்ளைப்பூண்டுமாய்
அவன் வீட்டுச் சட்டியில் கொதித்ததை
இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றவன் யார் என்று
எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கோட்டை நகர்த்த மனு போயிருக்கிறது.
எழுநூறு மீட்டருக்கு இரண்டு அமைச்சகம்,
நான்கு கூட்டம். முதல் கூட்டத்தில்
பெல்மீரு எதிர்த்துப் பேசினான், நன்றாகவே பேசினான்.
வெளியே வந்து என்னிடம் சிகரெட் கேட்டான்.

பிப்ரவரியில் கடல் ஒருநாள் இடம் கொடுத்தது.
மாமியார்க் கல்லுக்குப் பதினைந்தாம் காது.
இறக்குமுன் அதைச் சோதிக்க
ஒரு குரல் வேண்டியிருந்தது.
அதே வாளியில் கடல்நீர் மொண்டு
4417-ஐப் போட்டேன்.
பாட்டரிக்கு இன்னும் ஆறு வருட உயிர்.
படகு ஆடியது. இடாலினா கடிகாரத்தைப் பார்த்தாள்.
எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது.
சின்னப் பச்சை விளக்கு
ஒருமுறை சிமிட்டியது.